சமூகச் சங்க மேலாளர் சான்றிதழும் தொலைநிலைக் கல்வியும்: ஓர் அமெரிக்க வரலாறு

சமூகச் சங்க மேலாண்மை என்பது, பல வீட்டு உரிமையாளர்களுக்குப் பொதுவாக உள்ள கட்டடம், சாலை, பூங்கா, நீச்சல் குளம், மின்தூக்கி போன்றவற்றை அவர்களுடைய சங்கத்தின் சார்பில் ஊதியம் பெற்றுக் கவனிக்கும் தொழில் ஆகும். அமெரிக்காவில் இது ஒரு தனித் தொழிலாக அறியப்பட்டு ஏறத்தாழ அரை நூற்றாண்டுதான் ஆகிறது. இதற்கென்று பட்டப்படிப்பு முடித்து வருவோர் மிகக் குறைவு. விடுதி, வங்கி, ராணுவம், அலுவலகக் கணக்குப் பிரிவு என வேறு வேலைகளிலிருந்து வந்தவர்களே அதிகம். அவர்கள் பகலில் வேலை பார்த்து, இரவில் வீட்டிலிருந்து படித்து, தேர்வெழுதிச் சான்றிதழ் பெறுகிறார்கள். எனவே இத்தொழிலின் வரலாற்றைத் தொலைநிலைக் கல்வியின் வரலாற்றிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது. தொடக்கத்தில் இவ்விரண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஒன்று நியூயார்க்கின் செல்வர் வாழும் பூங்காத் தெருவிலும், மற்றது பென்சில்வேனியாவின் நிலக்கரிச் சுரங்கத்திலும் தொடங்கின.

பூங்காவும் சாவியும்

1831ஆம் ஆண்டு சாமுவேல் ரகிள்ஸ் என்பவர் நியூயார்க் நகரில் தமக்கிருந்த நிலத்தை மனைகளாகப் பிரித்தபோது, நடுவில் ஒரு பூங்காவுக்கு இடம் ஒதுக்கி, அதை ஓர் அறக்கட்டளைப் பொறுப்பில் விட்டார். சுற்றியுள்ள மனைக்காரர்கள் மட்டுமே அதைப் பயன்படுத்தலாம். பராமரிப்புச் செலவும் அவர்களுடையதே. கிராமர்சி பூங்கா எனப்படும் அவ்விடம் இன்றும் பூட்டியே இருக்கிறது. சாவி சுற்றுவட்டத்தாரிடம் மட்டுமே உண்டு. 1844இல் பாஸ்டன் நகரின் லூயிஸ்பர்க் சதுக்கத்து வீட்டுக்காரர்கள் தங்கள் நடுத்திடலைக் காக்கக் கூட்டாக ஓர் ஏற்பாடு செய்துகொண்டனர். அமெரிக்காவின் முதல் வீட்டு உரிமையாளர் சங்கமாகப் பலரும் இதையே குறிப்பிடுகின்றனர்.

இவ்வகைச் சங்கத்தை ஊர் மன்றத்திலிருந்தும் நண்பர் கழகத்திலிருந்தும் வேறுபடுத்துவன மூன்று. வீட்டை வாங்கிய கணமே வாங்கியவர் உறுப்பினர் ஆகிவிடுகிறார், விருப்பம் கேட்கப்படுவதில்லை. மாதக் கட்டணம் கட்டாயம். கட்டாவிட்டால் வீட்டின் மீதே பிணைப்பு விழும். பத்திரத்தில் எழுதிய கட்டுப்பாடுகள் முதலில் வாங்கியவரை மட்டுமன்றி, அவருக்குப் பின் வாங்குவோர் அனைவரையும் கட்டுப்படுத்தும். 1929இல் நியூ ஜெர்சியில் கிளாரன்ஸ் ஸ்டைனும் ஹென்றி ரைட்டும் வடிவமைத்த ராட்பர்ன் குடியிருப்பில் இம்மூன்றும் முழு வளர்ச்சி பெற்றன. அதன் சட்ட ஏற்பாடுகளை வகுத்தவர் சார்லஸ் ஆஷர்.

அந்தக் கட்டுப்பாடுகள் வேலியின் உயரத்தையும் சுவரின் நிறத்தையும் பற்றியவை மட்டும் அல்ல. கறுப்பினத்தவருக்கு வீட்டை விற்கக் கூடாது என்ற வாசகம் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் ஆயிரக்கணக்கான பத்திரங்களில் இடம்பெற்றது. அத்தகைய வாசகங்களை நீதிமன்றங்கள் நடைமுறைப்படுத்தக் கூடாது என 1948இல் ஷெல்லி எதிர் கிரேமர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1968இன் நியாய வீட்டுவசதிச் சட்டம் பாகுபாட்டையே தடை செய்தது. இன்றைய மேலாளர் பயிற்சிகளில் நியாய வீட்டுவசதிச் சட்டம் தவறாமல் இடம்பெறுகிறது. இந்த வரலாறு தெரியாமல் படிப்பவருக்கு அது வெறும் விதிகளின் பட்டியலாகவே தோன்றும்.

கண்டோமினியம் வந்தது

1960 வரை இச்சங்கங்கள் எண்ணிக்கையில் சொற்பமே. நிலைமையை மாற்றியது, ஒரே கட்டடத்தில் ஒவ்வொரு வீட்டையும் தனித்தனியே சொந்தமாக வாங்கும் முறை. தமிழில் அடுக்ககம் என்கிறோம். அமெரிக்கர்கள் கண்டோமினியம் என்கிறார்கள். புவேர்ட்டோ ரிக்கோ தீவு 1958இல் இதற்குச் சட்டம் இயற்றியது. அத்தீவினரின் வலியுறுத்தலும் சேர்ந்து, 1961இன் அமெரிக்க வீட்டுவசதிச் சட்டம் கண்டோமினிய வீட்டுக் கடன்களுக்கும் கூட்டாட்சி அரசின் காப்பீட்டை நீட்டித்தது. கடன் கிடைக்கும் என்றானதும் மாநிலங்கள் வரிசையாகத் தத்தம் சட்டங்களை இயற்றின. 1970இல் நாடெங்கும் சுமார் 10,000 சங்கங்கள் இருந்ததாகத் துறையின் மதிப்பீடு. இன்று அந்த எண்ணிக்கை 3,50,000ஐத் தாண்டியுள்ளது.

கட்டடங்கள் எழுந்த வேகத்தில் நிருவாகம் எழவில்லை. கட்டி விற்ற நிறுவனமே முதல் சில ஆண்டுகள் சங்கத்தையும் கையில் வைத்திருக்கும். வீடு விற்க வேண்டும் என்பதற்காக மாதக் கட்டணத்தை மிகக் குறைவாகக் காட்டும். பொறுப்பு உரிமையாளர்களிடம் வரும்போது பணப்பெட்டி காலியாக இருக்கும். புளோரிடாவில் இதைவிட மோசமான ஒரு தந்திரம் நடந்தது. நீச்சல் குளத்தையும் பொழுதுபோக்குக் கூடத்தையும் கட்டுநரே தம் பெயரில் வைத்துக்கொண்டு, சங்கத்துக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விடுவார். வாடகை ஆண்டுதோறும் ஏறும். ஒப்பந்தத்தில் சங்கத்தின் சார்பில் கையொப்பமிட்டவரும் கட்டுநரின் ஆளாகவே இருப்பார். ஓய்வூதியத்தில் வாழ வந்த முதியவர்கள் இதில் மாட்டிக்கொண்டு தவித்தனர். இத்தகைய முறைகேடுகளைக் குறிவைத்தே 1980இல் அமெரிக்க நாடாளுமன்றம் கண்டோமினியம், கூட்டுறவு வீடுகள் தொடர்பான முறைகேட்டு நிவாரணச் சட்டத்தை இயற்றியது.

கட்டுநர் விலகியபின் சங்கத்தை நடத்தியவர்கள் ஊதியமில்லாத் தொண்டர்கள். ஆசிரியர், மருத்துவர், விற்பனையாளர் என யாரோ ஐந்து பேர் குழுவாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, இலட்சக்கணக்கான டாலர் மதிப்புள்ள கட்டடத்துக்குப் பொறுப்பேற்றனர். அவர்களுக்கு உதவ ஒரு மேலாளர் தேவைப்பட்டார். அந்த மேலாளருக்கு யார் கற்பிப்பது என்ற கேள்வி அப்போது எழுந்தது.

சுரங்கமும் அஞ்சல் பாடமும்

இக்கேள்விக்குக் கிடைத்த விடையின் வடிவம் ஏறத்தாழ எண்பது ஆண்டுகளுக்கு முன்பே வேறொரு தொழிலில் உருவாகியிருந்தது. 1869 செப்டம்பர் 6 அன்று பென்சில்வேனியாவின் ஏவன்டேல் நிலக்கரிச் சுரங்கத்தில் தீப்பிடித்தது. வெளியேற ஒரே வழிதான் இருந்தது, அதுவே எரிந்தது. மீட்கச் சென்ற இருவரையும் சேர்த்து 110 பேர் மாண்டனர். அடுத்த ஆண்டே சுரங்கப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1885இல் சட்டம் மேலும் இறுகி, சுரங்க மேற்பார்வையாளர்கள் தேர்வெழுதித் தகுதி பெற வேண்டும் என்றானது.

சுரங்கத்தில் வேலை செய்தவர்களில் பலர் சிறுவயதிலேயே பள்ளியை விட்டவர்கள். பலர் ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேறியவர்கள். காற்றோட்டக் கணக்கும் வாயுக்களின் இயல்பும் கேட்கும் தேர்வை அவர்கள் எப்படி எழுதுவது? தாமஸ் ஃபாஸ்டர் என்ற பத்திரிகை ஆசிரியர் தம் சுரங்க இதழில் கேள்வி பதில் பகுதி ஒன்றைத் தொடங்கினார். கடிதங்கள் குவிந்தன. 1891இல் ஸ்க்ராண்டன் நகரிலிருந்து அதையே முறையான அஞ்சல்வழிப் பாடமாக மாற்றினார். பின்னர் இது பன்னாட்டு அஞ்சல்வழிப் பள்ளிகள் என்ற பெருநிறுவனம் ஆயிற்று.

அஞ்சல் பாடம் ஃபாஸ்டரின் கண்டுபிடிப்பு அன்று. ஐசக் பிட்மன் 1840இலேயே இங்கிலாந்தின் ஒரு பென்னி அஞ்சலைப் பயன்படுத்திச் சுருக்கெழுத்துக் கற்பித்தார். லண்டன் பல்கலைக்கழகம் 1858இல் வெளிமாணவர்களுக்குத் தேர்வைத் திறந்துவிட்டது. ஃபாஸ்டரின் புதுமை வேறு இடத்தில் இருந்தது. அவர் பாடநூலைத் துண்டு துண்டாகச் சிறு கையேடுகளாக்கினார். ஒரு கையேட்டைப் படித்து விடைத்தாளை அனுப்பினால், திருத்தி அடுத்ததை அனுப்புவார்கள். தேர்வுக்கும் வேலைக்கும் வேண்டாத எதுவும் அதில் இராது. கூட்டல் கழித்தலிலிருந்தே தொடங்கும். படங்கள் நிறைய இருக்கும். வேலை நேரத்துக்கு ஏற்பப் படிக்கலாம், எப்போது வேண்டுமானாலும் சேரலாம். தொழில்சார் தொலைநிலைக் கல்வி இன்றும் இந்த அச்சில்தான் ஓடுகிறது. கையேட்டின் இடத்தில் திரை வந்திருக்கிறது, அவ்வளவே.

1920களின் தொடக்கத்துக்குள் அப்பள்ளிகளில் சேர்ந்தோர் 20 இலட்சத்துக்கும் மேல். முடித்தவர்களோ மிகச் சிறு பகுதியினர். தரகுக்கு வேலை செய்த முகவர்கள் வீடு வீடாகச் சென்று ஆள் சேர்த்தனர். முன்பணம் கட்டிவிட்டுப் படிப்பை விட்டவர்களால் பள்ளிக்கு இலாபம்தான். போலிப் பள்ளிகளும் முளைத்தன. இதைக் கட்டுப்படுத்த 1926இல் தேசிய வீட்டுக் கல்வி மன்றம் நிறுவப்பட்டது. சேர்ப்பதில் இருக்கும் முனைப்பு முடிக்க வைப்பதில் இருப்பதில்லை என்ற குறை அப்போதே இத்துறையோடு ஒட்டிக்கொண்டது. இணையவழிப் படிப்புகளும் அதிலிருந்து தப்பவில்லை.

பிறர் பணத்தைத் தொடுபவர்

கட்டட மேலாண்மைக்குச் சான்றிதழ் என்ற எண்ணம் பெருமந்த காலத்தில் பிறந்தது. வங்கிகள் மூழ்கி, அடகு வைத்த கட்டடங்கள் அவற்றின் கைக்கு வந்த நேரம் அது. மேலாளர்களில் சிலர் உரிமையாளரின் வாடகைப் பணத்தையும் தம் சொந்தப் பணத்தையும் ஒரே கணக்கில் போட்டுப் புழங்கினர். இதிலிருந்து தங்களை விலக்கிக் காட்ட, 1933இல் ஏறத்தாழ நூறு நிறுவனங்கள் சேர்ந்து சொத்து மேலாண்மை நிறுவகத்தை அமைத்தன. பிறர் பணத்தைத் தம் பணத்தோடு கலப்பதில்லை, பணம் கையாளும் ஊழியர்களுக்குப் பிணையம் எடுப்போம், மறைமுகத் தரகு வாங்குவதில்லை என்று உறுதியளித்தன. 1938இல் சான்று நிறுவனத்துக்கு என்பது தனிமனிதருக்கு என மாறியது. பொறுப்பு ஒரு பெயர்ப்பலகையிடம் இருப்பதைவிட, கையொப்பமிடும் ஆளிடம் இருப்பதே நல்லது என்பதால் இந்த மாற்றம் பெரியது.

ஆனால் அது வாடகைக் கட்டடங்களுக்கான படிப்பு. அங்கே முதலாளி ஒருவர். சங்கத்திலோ முந்நூறு முதலாளிகள். அவர்களில் ஐவர் மட்டும் உத்தரவிடலாம், மற்றவர்கள் வாக்களிக்கலாம், எல்லாரும் தொலைபேசியில் அழைக்கலாம். கூட்ட நடைமுறை, தேர்தல், நிலுவை வசூல், கட்டுப்பாட்டு மீறல், சேமநிதி ஆகியவற்றுக்குப் புதுப் பாடம் எழுத வேண்டியிருந்தது.

1973இல் நிறுவப்பட்ட சமூகச் சங்கங்கள் நிறுவகம் அந்தப் பணியை எடுத்துக்கொண்டது. கூட்டாட்சி வீட்டுவசதி நிருவாகத்தில் நிலத் திட்டமிடலாளராக இருந்த பைரன் ஹாங்கி, ஏற்கனவே இருந்த சங்கங்களை ஆராய்ந்து 1964இல் நகர்ப்புற நில நிறுவகத்தின் வழி ஒரு கையேட்டை உருவாக்கியிருந்தார். புது அமைப்பின் முன்னோடிகளில் அவரும் ஒருவர். கட்டுநர்கள், உரிமையாளர்கள், மேலாளர்கள், அரசு அதிகாரிகள் எல்லாரும் ஒரே மேசையில் அமர்வது என்பதே தொடக்க நோக்கம். நாளடைவில் அது மேலாளர்களும் வழக்கறிஞர்களும் செல்வாக்குச் செலுத்தும் தொழில் அமைப்பாக மாறிவிட்டது என்று எவன் மெக்கன்சி 1994இல் வெளியான 'பிரைவடோபியா' நூலில் வாதிட்டார். சங்கங்கள் தேர்தலும் வரியும் உள்ள தனியார் அரசாங்கங்கள் ஆகிவிட்டன, அரசமைப்பு தரும் பாதுகாப்பு மட்டும் அங்கே இல்லை என்பதும் அவர் கருத்து. இந்த விமர்சனத்தைப் படிக்காமல் மேலாண்மைப் பாடத்தை மட்டும் படிப்பது அரைப் படிப்புதான்.

படிப்பின் அடுக்குகள்

நிறுவகத்தின் அடிப்படைப் பாடம் எம்-100 எனப்படுகிறது. வகுப்பறையிலும் படிக்கலாம், இணையத்தில் தம் வேகத்திலும் படிக்கலாம். அதை முடித்தவர் சி.எம்.சி.ஏ. என்ற சான்றிதழுக்கான தேர்வை எழுதத் தகுதி பெறுகிறார். அத்தேர்வில் 120 பல்விடை வினாக்கள். பாடம் விற்பவரே தேர்வும் வைத்தால் நம்பகம் குறையும் என்பதால், தேர்வை நடத்த 1995இல் தனி வாரியம் ஒன்று பிரிக்கப்பட்டது. சான்றிதழ் வாழ்நாளுக்கும் செல்லாது; இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை 16 மணி நேரத் தொடர்கல்வியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும்.

பாடத்தின் மையம் சேமநிதிக் கணக்கு என்று சொன்னால் மிகையாகாது. நம் ஊர் அடுக்ககங்களில் கார்ப்பஸ் ஃபண்ட் என்று வசூலிப்பதற்கு ஓரளவு நிகரானது இது. ஒரு கூரை 20 ஆண்டு உழைக்கும், மாற்ற 3,00,000 டாலர் ஆகும், வீடுகள் 100 என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 15,000 டாலர் ஒதுக்க வேண்டும். வீட்டுக்கு ஆண்டுக்கு 150, மாதத்துக்குப் பன்னிரண்டரை டாலர். இதைத் தொடக்கத்திலிருந்தே வாங்கினால் யாருக்கும் வலிக்காது. பத்தொன்பதாம் ஆண்டு வரை விட்டுவிட்டால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரே தடவையில் 3,000 டாலர் கேட்க வேண்டிவரும். கணக்கு ஐந்தாம் வகுப்புக் கணக்குதான். ஆனால் கட்டணத்தை உயர்த்தும் குழு அடுத்த தேர்தலில் தோற்கும். தோற்பதற்கு அஞ்சும் குழுவிடம் இந்தக் கணக்கைத் துணிந்து எடுத்துச் சொல்பவரே நல்ல மேலாளர். தொலைநிலைப் பாடம் கணக்கைக் கற்றுத்தந்துவிடும். அந்தத் துணிவைத் தருமா என்பது வேறு விஷயம்.

மேல்நிலைப் பாடங்கள் கட்டடப் பராமரிப்பு, தகவல் தொடர்பு, ஆளுகை, இடர் மேலாண்மை, நிதி என விரிகின்றன. உச்சத்தில் இருக்கும் பி.சி.ஏ.எம். தகுதிக்கு நேர்முக ஆய்வு ஒன்று உண்டு. உண்மையான ஒரு குடியிருப்பைச் சுற்றிப் பார்த்து, அதன் சிக்கல்களுக்குத் தீர்வு கூறி நீண்ட அறிக்கை எழுத வேண்டும். வாகன நிறுத்தத்தின் கூரையிலிருந்து ஒழுகும் நீரும், கான்கிரீட் உதிர்ந்து வெளியே தெரியும் துருப்பிடித்த கம்பியும் கண்ணால் பார்த்துப் பழக வேண்டியவை என்பதை இப்படிப்பை வடிவமைத்தோர் உணர்ந்திருந்தார்கள்.

உரிமம்: மாநிலத்துக்கு மாநிலம்

மேலே சொன்னவை எல்லாம் விருப்பத்தின் பேரில் பெறுபவை. அரசு உரிமம் வேறு. புளோரிடா 1987இல் சமூகச் சங்க மேலாளர்களுக்கு உரிமம் கட்டாயம் என்று சட்டம் செய்தது. 10 வீடுகளுக்கு மேல் உள்ள, அல்லது ஆண்டு வரவு செலவு 1,00,000 டாலரைத் தாண்டும் சங்கத்தை ஊதியம் பெற்று நடத்துபவர் உரிமம் பெற்றிருக்க வேண்டும். அதற்கு 16 மணி நேர முன்பயிற்சியும் மாநிலத் தேர்வும் உண்டு. பயிற்சியை இணையத்திலேயே முடிக்கலாம். நெவாடா 60 மணி நேரம் கேட்கிறது. கலிஃபோர்னியாவில் கட்டாயம் இல்லை; ஆனால் சான்று பெற்றவர் என்று சொல்லிக்கொள்ள விரும்புவோர் சட்டம் வகுத்த படிப்பை முடித்திருக்க வேண்டும். கொலராடோ 2015இல் உரிம முறையைக் கொண்டுவந்தது. அதை நீட்டிக்கும் மசோதாவை 2019இல் ஆளுநர் மறுத்ததால் முறையே ஒழிந்தது. ஒரே வேலைக்கு ஒரு மாநிலத்தில் 60 மணி நேரம், மற்றொன்றில் 16, இன்னொன்றில் எதுவுமே வேண்டாம் என்றிருப்பது, எவ்வளவு கற்றால் போதும் என்பதில் யாரிடமும் உறுதியான கருத்து இல்லை என்பதையே காட்டுகிறது.

சர்ஃப்சைடுக்குப் பின்

2021 ஜூன் 24 அதிகாலை, மயாமி கடற்கரையை ஒட்டிய சர்ஃப்சைடு நகரில் சாம்ப்ளைன் டவர்ஸ் சவுத் என்ற 12 மாடிக் கண்டோமினியத்தின் பெரும்பகுதி சரிந்தது. 98 பேர் இறந்தனர். 1981இல் கட்டப்பட்ட அக்கட்டடத்தின் நீச்சல் குளத் தளத்துக்கு அடியில் நீர்க்காப்பு கெட்டுக் கான்கிரீட் சேதமடைந்திருப்பதைப் பொறியாளர் அறிக்கை ஒன்று 2018இலேயே குறிப்பிட்டிருந்தது. பழுதுபார்க்கும் செலவு பின்னர் சுமார் 1.5 கோடி டாலர் என மதிப்பிடப்பட்டது. சேமநிதியில் அதற்கு நெருங்கிய தொகைகூட இல்லை. செலவைப் பற்றிய சச்சரவில் 2019இல் குழு உறுப்பினர் பலர் பதவி விலகினர். 2021இல் ஒருவழியாக வசூல் முடிவாகி, சில வீடுகளுக்கு 80,000 டாலர் அளவிலும் பெரிய வீட்டுக்கு மூன்று இலட்சத்துக்கும் அதிகமாகவும் பங்கு விழுந்தது. வேலை முழுமையாகத் தொடங்கும் முன் கட்டடம் விழுந்துவிட்டது.

புளோரிடா சட்டம் அதுவரை, பெரும்பான்மை உரிமையாளர்கள் வாக்களித்தால் சேமநிதி ஒதுக்கீட்டைத் தள்ளுபடி செய்யலாம் என்று அனுமதித்திருந்தது. பல அடுக்ககங்கள் ஆண்டுக்கு ஆண்டு அப்படியே வாக்களித்து வந்தன. அது சட்டப்படி முறையானதுதான். 2022 மே மாதம் இயற்றிய சட்டம் மூன்று மாடியோ அதற்கு மேலோ உள்ள கண்டோமினியங்களுக்குக் குறித்த வயதில் கட்டமைப்பு ஆய்வைக் கட்டாயமாக்கியது. கட்டமைப்பு உறுப்புகளுக்கான சேமநிதியைத் தள்ளுபடி செய்யும் வழியையும் அடைத்தது. மேலாளர் படிப்புகளில் ஆய்வு, சேமநிதி ஆகிய பகுதிகள் திருத்தி எழுதப்பட்டன. பல சங்கங்களில் மாதக் கட்டணம் கடுமையாக ஏறியது. நிலையான வருமானத்தில் வாழும் முதியவர்கள் வீட்டை விற்கலாமா என்று யோசிக்கும் நிலை வந்தது. அவர்களில் பலருக்கு வீடு வாங்கியபோது குறைவாக இருந்த கட்டணமே முக்கியக் கவர்ச்சியாக இருந்தது.

2024இல் அம்மாநிலம் மேலும் ஓர் அடி வைத்தது. ஊதியம் வாங்கும் மேலாளர் மட்டும் படித்தால் போதாது, கண்டோமினியக் குழுவுக்குத் தேர்ந்தெடுக்கப்படும் ஊதியமில்லா உறுப்பினரும் குறைந்தது 4 மணி நேரப் பயிற்சி பெற்றுச் சான்றிதழ் காட்ட வேண்டும் என்றது. முன்பு சங்கத்தின் ஆவணங்களைப் படித்துவிட்டேன் என்று கையொப்பமிட்டுக் கொடுத்தாலே போதுமாக இருந்தது. இப்போது சேமநிதி, கட்டமைப்பு ஆய்வு, தேர்தல், நிதி அறிக்கை ஆகியன பற்றிய பாடத்தை அவர்களும் முடித்தாக வேண்டும். இப்பயிற்சியை அவர்களில் பலர் இணையத்தின் வழியே, இரவு உணவுக்குப் பின் வீட்டுக் கணினியின் முன் அமர்ந்து முடிக்கிறார்கள்.